மலேசியத் தமிழ்ப் பெண்களும் ஜீவனாம்சச் சட்டமும்

கோலாலம்பூர் மாநகரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரம் தமிழர் வாணிகத்தின் பழைய இருப்பிடங்களுள் ஒன்று. 1863ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட பள்ளிவாசலின் பெயரே சாலைக்கும் பெயராயிற்று. அங்கே வெள்ளிக்கிழமைப் பேருரை தமிழில் நிகழ்த்தப்படுவதைப் பலரும் அறிவர். பள்ளிவாசலைச் சூழ்ந்து துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை, உணவுக்கடை எனத் தமிழ் முஸ்லிம்களும் தமிழ் இந்துக்களும் அடுத்தடுத்து அமர்ந்து தொழில் நடத்தி வந்துள்ளனர். அவர்களுக்கு மொழி ஒன்று. சரக்கும் வாடிக்கையாளரும் பெரும்பாலும் ஒன்றே. கொடுக்கல் வாங்கலில் சட்டமும் இருவர்க்கும் ஒன்றுதான். ஆயின், இல்லறம் முறிந்து, பிரிந்த மனைவிக்குக் கணவன் என்ன தரவேண்டும் என்ற வினா எழும்போது, அடுத்தடுத்த கடைக்காரர் இருவரும் வெவ்வேறு நீதிமன்றங்களின் வாயிலில் நிற்க வேண்டியவராகின்றனர்.

அச்சாலையிலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தால் எட்டிவிடும் தொலைவில், 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் மணிக்கூண்டோடு நிற்கிறது. நாட்டின் உயர்நீதிமன்றங்கள் பல்லாண்டுக் காலம் இயங்கியது அங்கேதான். 2007ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் டூத்தா சாலையில் எழுந்த புதிய வளாகத்திற்குப் பெயர்ந்தது. ஜீவனாம்ச ஆணையை நீதிமன்றத்தில் பெற்ற ஒரு பெண், அவ்வாணை ரொக்கமாக மாறித் தன் கைக்கு வருவதற்குக் காத்திருந்த காலமோ, இந்த நடைத் தொலைவோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆணை பெறுவது ஒன்று; அதை நிறைவேற்றிக் கொள்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சட்டமும் நீதிமன்றமும் இன்றைய வடிவில் இல்லாத காலத்தில் இக்கடமை எவ்வாறு வற்புறுத்தப்பட்டது என்பதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு சான்று உண்டு. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் பாராட்டுகிறோம். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்த செய்தியை அதே வேகத்தோடு கடந்து போய்விடுகிறோம். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்களில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவள்பொருட்டு அவனிடம் மன்றாடுகின்றனர். பரிசில் பெற வந்த புலவர், தமக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் செல்க என்று கேட்பது பொருள் பொதிந்த செயலாகும். கொடையை மறுத்தல் என்ற ஒன்றே அவர்கள் கையிலிருந்த வலியுறுத்தும் கருவி. கணவன் மறுத்துவிட்டால் அதற்குமேல் செல்ல வழி இல்லை. நாணம் உடையவனிடத்தில் மட்டுமே பலிக்கும் முறை இது.

நாணத்தை நம்பாத முறை ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. அதன் நோக்கம் இரக்கமும் அன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை வகுத்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், மனைவி மக்களைக் கைவிடுவோரால் தெருவில் ஆதரவற்றோர் பெருகுவதைத் தடுப்பதே இவ்விதியின் பயன் என்று கருதினார். ஆகவேதான் குடும்ப உரிமையாகிய ஒன்று, திருட்டும் அடிதடியும் விசாரிக்கப்படும் குற்றவியல் நூலில் இடம் பெற்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 488ஆம் பிரிவு. மாதம் 50 ரூபாய் என்பது உச்ச வரம்பு. அது 1923இல் 100 ஆகவும் 1955இல் 500 ஆகவும் உயர்த்தப்பட்டது. செலுத்தத் தவறினால், நிலுவையிலுள்ள ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம் வரை சிறை. தொகையை வரம்பிட்டுச் சிறையை மட்டும் தாராளமாக வைத்த இந்த அமைப்பு, சட்டம் இயற்றியவரின் மனப்பாங்கைத் தெளிவாகவே காட்டுகிறது எனலாம்.

அக்காலத்தில் தமிழர் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்து கொண்டிருந்தனர். ஆண்கள் முன்னே வந்தனர். பெண்கள் குறைவாகவே வந்தனர். ஊரில் மனைவியை விட்டு வந்தவனும், இங்கே மற்றொருத்தியோடு குடும்பம் நடத்தியவனும் தோட்டந்தோறும் இருந்தனர். இந்திய அரசு 1921இல் பராமரிப்பு ஆணைகளை நாடு கடந்து நிறைவேற்றுவதற்கென ஒரு சட்டம் இயற்றியது. பேரரசின் ஒரு பகுதியில் பிறப்பிக்கப்பட்ட ஆணையை மற்றொரு பகுதியின் நீதிமன்றம் ஏற்று வசூலித்துத் தருவதே அதன் ஏற்பாடு. மலாயாவிலும் 1949இல் அத்தகைய சட்டம் ஒன்று வந்தது. ஏட்டளவில் சிறந்த ஏற்பாடுதான். தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ எழுதப் படிக்க அறியாத ஒரு பெண், கணவன் எந்தத் தோட்டத்தில் எந்தப் பெயரில் பதிந்திருக்கிறான் என்று அறிந்து மனுக் கொடுப்பது எங்ஙனம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

மலாயாவில் 1950ஆம் ஆண்டு மணமான பெண்கள், குழந்தைகள் பராமரிப்புச் சட்டம் பிறந்தது. இந்தியச் சட்டத்தின் முகச்சாயல் அதில் தெளிவாகத் தெரியும். மனைவியையோ குழந்தையையோ பராமரிக்க மறுப்பவன்மீது கீழ்நிலை நீதிமன்றமே மாதத்தொகை விதிக்கலாம். தவறினால் அபராதம் வசூலிக்கும் முறையில் அவன் உடைமையைப் பற்றலாம். அல்லது ஒரு மாத நிலுவைக்கு ஒரு மாதம் வரை சிறையிடலாம். இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எனினும், அது பேசுவது மனைவியைப் பற்றி. மணவிலக்குப் பெற்றபின் அவள் மனைவி அல்லள். குழந்தைக்காகக் கேட்கலாமேயன்றித் தனக்காகக் கேட்க அவள் வேறு சட்டத்தை நாடவேண்டும். கீழ்நிலை நீதிமன்றத்தில் எளிதாகக் கிடைத்த வழி, மணவிலக்கு என்ற ஒரு தாளினால் அடைபட்டுவிடுகிறது.

சிறைத்தண்டனையைப் பற்றி ஒரு சொல். சிறைக்குப் போனவன் சம்பாதிப்பதில்லை; அவன் உள்ளே இருக்கும் மாதத்திற்கும் அரிசி வாங்க அவளிடம் பணமில்லை. சிறையின் பயன் அச்சுறுத்தலில் இருக்கிறதே தவிர, அதைச் செயற்படுத்துவதில் இல்லை. இவ்வுண்மையை இங்கிலாந்து காலங்கடந்து உணர்ந்து, 1958ஆம் ஆண்டில் கணவனின் ஊதியத்திலிருந்தே தொகையைப் பிடித்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 1968இல், மலேசியாவிலும் பராமரிப்பு ஆணைகளை நிறைவேற்றுவதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. முதலாளிக்கு நீதிமன்றம் ஆணை அனுப்பும். அவர் சம்பளத்தில் குறித்த தொகையைக் கழித்துச் செலுத்த வேண்டும். கணவனின் மனச்சான்றை நம்பாமல் சம்பளப் பட்டியலை நம்பிய முதல் சட்டம் இதுவே.

தோட்டத் தொழிலாளி இவ்வகையில் சட்டத்தின் கைக்கு எட்டியவனாக இருந்தான் என்பது கவனிக்கத்தக்கது. அவனுக்குச் சம்பளம் கொடுப்பது ஒரே நிருவாகம். பெயர் செக்ரோலில் இருந்தது. வீடு தோட்டத்து லயத்தில் இருந்தது. ஆனால் இச்சட்டம் வேரூன்றுவதற்குள் தோட்டமே பெயர்க்கப்பட்டது. 1970ஆம் ஆண்டுகள் தொடங்கிக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவின் பகுதியாயிற்று. பிராங் பெசார் தோட்டத்து மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. நாட்டின் உச்சநிலை நீதிமன்றங்கள் இன்று அமர்ந்திருக்கும் நீதிமாளிகையும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வெளியேறியவர்களில் பலர் லாரி ஓட்டவும், குத்தகைக்கு வேலை செய்யவும், சிறுகடை வைக்கவும் நகருக்கு வந்தனர். செக்ரோல் மறைந்ததோடு, நீதிமன்றம் பற்றிக்கொள்ளத்தக்க சம்பளமும் பலருக்கு மறைந்தது.

இனி, நம் பெண்களின் நிலையை வேறு எதனினும் மிகுதியாக மாற்றிய சட்டத்திற்கு வருவோம். முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணவிலக்குப் பற்றிய சீர்திருத்தச் சட்டம் 1976இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பலதார மணம் தடுக்கப்பட்டதும், பதிவு கட்டாயமானதும் அன்றுமுதல்தான். இதற்கு முன்னின்று உழைத்த அமைப்புகளில் 1963இல் தோன்றிய தேசிய மகளிர் அமைப்புகள் மன்றம் குறிப்பிடத்தக்கது. அம்மன்றத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இராசம்மா பூபாலன், 1960இல் பெண்ணாசிரியர் சங்கத்தின் முதல் தலைவராகி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கேட்டுப் போராடியவர். ஆசிரியர்களாகிய நாம் இப்பெயரை மாணவர்க்கு எடுத்துரைப்பது தகும். தன் சம்பளத்தைத் தானே பெற்ற பெண்தான் பிறள் ஒருத்தியின் ஜீவனாம்சத்திற்காகவும் பேச முடிந்தது.

இச்சட்டத்தின் 77ஆம் பிரிவு, மணவிலக்கு வழங்கும்போதும் வழங்கிய பின்னும் முன்னாள் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. உழைக்க இயலாத கணவனுக்கு மனைவி தரவேண்டும் என்றும் விதிக்கலாம் என்பது பலரும் அறியாதது. தொகையை இருவரின் வசதியையும் தேவையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது 78ஆம் பிரிவு. இந்தியச் சட்டத்தின் ஐம்பது ரூபாய் வரம்பு போன்றது இங்கில்லை. அவள் மறுமணம் செய்தால் உரிமை அற்றுப்போகும். நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இருவரும் கேட்கலாம்.

நிலுவையைப் பற்றிய 86ஆம் பிரிவே நமக்கு இன்றியமையாதது. செலுத்தப்படாத தொகை ஒரு கடனாகவே கருதப்படும். கடனைத் திரும்பப் பெறுவதற்குரிய வழிகள் எல்லாம் அவளுக்கும் திறந்திருக்கின்றன: கணவனை நீதிமன்றத்திற்கு வரவழைத்து அவன் வருவாயையும் சொத்தையும் விசாரித்தல், உடைமையை ஜப்தி செய்தல், அவனுக்கு வரவேண்டிய பணத்தை வைத்திருக்கும் வங்கியையோ பிறரையோ அவளிடம் செலுத்துமாறு ஆணையிடச் செய்தல் முதலியன. அவன் நொடித்துப் போனாலும் அக்கடனைக் கோரலாம். இறந்து போனாலும் அதுவரையிலான நிலுவையை அவன் விட்டுச் சென்ற சொத்திலிருந்து கேட்கலாம். ஆணையை வேண்டுமென்றே மீறுபவனை நீதிமன்ற அவமதிப்பிற்காகச் சிறைக்கு அனுப்பவும் வேண்டலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர், 1970இல் தோன்றிய அரசாங்கச் சட்ட உதவிப் பிரிவை நாடலாம்; அது இப்போது தனித் துறையாக இயங்குகிறது. வழிகள் பல இருந்தும் அவள் முதலில் மோதிக்கொள்வது வேறொன்றில். கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்தும் பதிவு செய்யாமல் விட்ட இணையர் 1982க்குப் பின்னும் நம்மிடையே குறையவில்லை. பதிவுத்தாள் இல்லாதவள் ஜீவனாம்சம் கேட்கும் முன், தான் மனைவி என்பதையே நிறுவ வேண்டியவளாகிறாள். பல கோயில்களில் பதிவதிகாரிகள் நியமனம் பெற்றிருந்தும் இந்நிலை தொடர்வதற்கு நம் அசட்டையன்றி வேறு காரணம் காண்பதற்கில்லை.

முஸ்லிம் பெண்களின் வழி வேறு. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமாகும்வரை சிலாங்கூரின் பகுதியாக இருந்ததால், 1952ஆம் ஆண்டின் சிலாங்கூர் முஸ்லிம் சட்ட நிருவாக விதிகளே அங்கு நடைமுறையில் இருந்தன. பின்னர் 1984இல் கூட்டரசுப் பிரதேசத்திற்கென இஸ்லாமியக் குடும்பச் சட்டம் இயற்றப்பட்டது. மணவிலக்குக்குப்பின் இத்தா காலம் முடியும்வரை நபகா. காரணமின்றி விலக்கப்பட்டவளுக்கு ஆறுதல் கொடை. குழந்தைகளுக்குத் தனியே பராமரிப்பு. பழைய நிலுவை அனைத்தும் கடன். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் ஷா பானு வழக்குக் கிளப்பிய புயலை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். இத்தாவிற்குப் பின்னும் தொகை உண்டா என்பதே அங்கு எழுந்த பூசல். கீழ்நீதிமன்றம் அம்மூதாட்டிக்கு விதித்திருந்தது மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. ஒரு நாட்டையே உலுக்கிய தொகை அவ்வளவே.

நிறைவேற்றும் துறையில் மட்டும், ஷரியா நீதிமன்றங்கள் நம் சிவில் நீதிமன்றங்களை முந்திவிட்டன என்றே சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டில் மலேசிய ஷரியா நீதித்துறையின்கீழ் குடும்ப ஆதரவுப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. ஆணை பெற்றும் பணம் வராத பெண்ணுக்கு ஒரு நிதியிலிருந்து முன்பணம் தருவதும், ஆணையை நிறைவேற்ற உதவுவதும் அதன் பணிகள். கணவனைத் துரத்திப் பிடிக்கும் வேலையில் ஒரு பகுதியை அரசு தன் தோளில் ஏற்றுக்கொண்டது. மஸ்ஜித் இந்தியாவில் அடுத்தடுத்த கடைகளில் வேலை செய்யும் இரு பெண்களில் முஸ்லிம் பெண்ணுக்கு இவ்வாதரவு உண்டு. இந்துப் பெண்ணுக்கு இதற்கு இணையான ஒன்று நாட்டில் ஏற்படுத்தப்படவில்லை.

இரண்டு சட்டங்கள் அருகருகே இருப்பதால் எழுந்த ஒரு தந்திரத்தையும் இங்கே கூறுதல் வேண்டும். மணவிலக்குப் பெற்ற சீனப் பெண் ஒருத்தி பராமரிப்பும் சொத்தில் பங்கும் கேட்டபோது, இஸ்லாத்தைத் தழுவிவிட்ட முன்னாள் கணவன், சிவில் நீதிமன்றத்திற்குத் தன்மீது அதிகாரம் இல்லை என்று வாதிட்டான். 1976ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்ற விதியே அவன் பிடிமானம். 1994இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தால் விளைந்த கடமை, மதமாற்றத்தால் கரைந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பு இல்லாதிருந்தால் கடமையிலிருந்து தப்ப ஒரு வாயில் திறந்தே கிடந்திருக்கும். ஆயினும் வழி முற்றும் சீரானது என்பதற்கில்லை. 2007இல் ஒரு தமிழ்ப் பெண்ணின் மணவிலக்கு மனு, கணவன் மதம் மாறி மூன்று மாதம் நிறைவதற்குள் தாக்கல் செய்யப்பட்டது என்ற காரணத்தால் கூட்டரசு நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பால் வீழ்ந்தது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், மதம் மாறியவரும் சிவில் நீதிமன்றத்திலேயே மணவிலக்குக் கோரலாம் என்று வகை செய்தது.

இவ்வளவு சட்டங்களுக்கும் பின் எஞ்சி நிற்கும் சிக்கல், வருவாய் எங்கே இருக்கிறது என்பதுதான். அரசு ஊழியர், தொழிற்சாலைத் தொழிலாளி ஆகியோருக்குச் சம்பளச்சீட்டு உண்டு. ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் விற்கும் சிறு வணிகனுக்கு எது சம்பளம்? கடை தம்பியின் பெயரில். வண்டி தாயின் பெயரில். வங்கிக் கணக்கில் நூறு வெள்ளி. ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தையோ, பொதுவாகக் கடனுக்காகப் பற்ற முடியாது என்பது அந்நிதிச் சட்டமே தரும் பாதுகாப்பு. பள்ளிகளில் ஏழை மாணவர் உதவிப் பாரங்களைச் சரிபார்க்கும் நாம், தந்தையின் வருமானம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். வணிகம் நன்றாக நடக்கும் தந்தையர்க்கும் அக்கோடுதான். தாயால் நிரப்ப முடியாத அக்கட்டத்தை நீதிமன்றத்தில் மட்டும் அவள் எவ்வாறு நிரப்புவாள்?

இச்சிக்கலை அண்டை நாடுகள் அண்மைக் காலத்தில் நேராக எதிர்கொள்ளத் தொடங்கியுள்ளன. இந்திய உச்சநீதிமன்றம் 2020 நவம்பர் 4ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பாரும் தம் சொத்து, கடன், வருவாய் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் விதித்தது. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி சென்றது. 2025 ஜனவரியில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, பராமரிப்பு நிறைவேற்ற அதிகாரிகள் செலுத்தத் தவறியவரின் நிதி நிலையைப் பற்றிய விவரங்களை வங்கி முதலிய அமைப்புகளிடமிருந்தே பெறலாம். கணவனிடம் பணம் இருப்பதை மெய்ப்பிக்கும் சுமை மனைவியின் தலையிலிருந்து ஓரளவு இறங்கியது. ஜொகூர் நீரிணைக்கு இப்பால் உள்ள நம் சிவில் சட்டத்தில் அச்சுமை இன்னும் பெரும்பாலும் அவளிடமே உள்ளது.

அவள் காத்திருக்கவும் சட்டம் விடுவதில்லை. மேற்கூறிய 86ஆம் பிரிவிலேயே ஒரு கால வரம்பும் உண்டு. வழக்குத் தொடுக்கும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் செலுத்த வேண்டியதாயிருந்த தொகையை வழக்கின் வழியாகப் பெற முடியாது. பிள்ளைகளின் மனம் நோகும், உறவினர் ஏசுவர், அவனே திருந்திக் கொடுப்பான் என்று எண்ணி ஆண்டுகளைக் கழிக்கும் தாய்மார் இதனை அறிவதில்லை. மாதம் 600 வெள்ளி என்று ஆணை பெற்றவள் ஒருத்தி, ஒரு சென்னும் வராமல் ஐந்தாண்டு பொறுத்துப் பின் நீதிமன்றம் செல்வதாகக் கொள்வோம். நிலுவை 36,000 வெள்ளி. அவள் கேட்கக்கூடியது இறுதி மூன்றாண்டிற்குரிய 21,600 வெள்ளி மட்டுமே. பொறுமைக்காக அவள் இழந்தது 14,400 வெள்ளி.